கேள்விப் பக்கம் உட்கார்ந்தவன்

சத்தியம். கற்பூரத்தைக் கொளுத்தி உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை, அரை வார்த்தை பொய் கிடையாது. பொய்யாக இருந்தால் நாளைக் காலையில் நான் எழுந்திருக்கும்போது மூக்கு இருக்கிற இடத்தில் காது இருக்கட்டும். வரிசையின் நீளத்தைச் சொல்லும்போது மட்டும் நாலைந்து ஆளைக் கூட்டியிருந்தாலும் இருப்பேன். அதுவும் என் கணக்கு இல்லை, அந்த வரிசையில் நின்ற நம்பிராஜனின் கணக்கு. பயந்தவன் கண்ணுக்கு வரிசை எப்போதும் நீளம்தான். பட்டணத்துப் பல்கலைக்கழகம், ஆண்கள் விடுதி, ஆபீஸ் வராந்தா, பகல் பதினொன்றரை மணி. வரிசையின் தலை ஆபீஸ் ஜன்னலில் இருந்தது, வால் வேப்பமரத்தைச் சுற்றி சைக்கிள் கொட்டகை வழியாக எங்கேயோ போயிருந்தது. வாலில் நின்று கிளம்பியவனுக்கு ஜன்னலுக்கு வருவதற்குள் மீசை முளைத்துவிட்டதாக நம்பிராஜன் பிற்பாடு சொன்னான். அவன் கையில் ஒரு ரோஸ் நிறப் படிவம். அதில் மேலே ஒருத்தன் பெயர், கீழே இன்னொருத்தன் பெயர், ரெண்டு கையெழுத்து. ஒரு அறைக்கு ரெண்டு பேர். யாரோடு இருக்கப் போகிறாய் என்று நீயே ஆள் பிடித்து ஒரு மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு மணிக்கு ஜன்னல் மூடிவிடும். ஆள் பிடிக்காதவனெல்லாம் மூன்றாவது மாடியில் நீளமான ஹாலுக்குப் போக வேண்டும், அங்கே ரெண்டாம் வருஷத்துக்காரர்கள் பத்துப் பேர் ஏற்கனவே கட்டில் போட்டுக் காத்திருக்கிறார்கள்.

அந்த ஹாலைப் பற்றி மச்சான் ஆவுடைநாயகம் சொன்னதையெல்லாம் நம்பிராஜன் ரயிலில் வரும்போதே நூறு தடவை நினைத்துப் பார்த்துவிட்டான். மாமா மகன், மூன்று வருஷமாகப் பட்டணத்தில் வேறொரு காலேஜில் படிக்கிறவன், அதனால் எல்லாக் காலேஜைப் பற்றியும் அவனுக்குத் தெரியும். "போன வருஷம் அந்த ஹாலுக்குப் போனதுல மூணு பேரு ஒரு வாரத்துல ஊருக்கு ரயிலேறிட்டானுவ. ஒருத்தனுக்கு இன்னும் பேச்சு வரல" என்றான் மச்சான். அதைவிட மோசமான இன்னொன்றும் சொன்னான். சீனியர்களில் கெட்டிக்காரன் ஹாலில் உட்கார்ந்திருக்க மாட்டானாம். புதுப் பையன் மாதிரி தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, எண்ணெய் வைத்து, வரிசையிலேயே வந்து நிற்பானாம். சிரித்துப் பேசி உன் படிவத்தில் அவன் கையெழுத்தைப் போட்டுவிடுவானாம். அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு அவன் துணி, அவன் தட்டு, அவன் லேப் நோட்டு எல்லாம் உன் தலையில். "எப்படி மச்சான் கண்டுபிடிக்கது?" என்று நம்பிராஜன் கேட்டதற்கு ஆவுடைநாயகம் கொஞ்ச நேரம் யோசித்து, "கண்டுபிடிக்க முடியாதுடே, அதுலதான விசேஷம்" என்றான். இதுதான் அவன் கொடுத்தனுப்பிய புத்திமதி. ஊருக்குத் திரும்பிவிடலாம்தான். திருக்குறுங்குடி ரோட்டில் அப்பாவின் வாழைக்காய் மண்டி இருக்கிறது, அப்பா வழியனுப்பும்போதே, "ஒரு வாரத்துல வந்துருவ. தராசுக்குப் பக்கத்துல உனக்கு ஸ்டூல் போட்டே வைக்கேன், எடுக்கல" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினார். அந்த ஸ்டூல் இப்போதும் அங்கே காலியாக இருக்கும். ஒரு ஈ அதில் உட்கார்ந்திருக்கும். ஒரு மணிக்குள் ஒரு பெயர் கிடைக்காவிட்டால் அந்த ஈயை விரட்டிவிட்டு அவன் உட்கார வேண்டியதுதான்.

அதனால் காலையிலிருந்தே பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேராகப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தான், படிவத்தின் ஓரத்துக்கு அப்பால் அவன் இருந்தான். ஒட்ட வெட்டிய தலை. எண்ணெய். முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டு, வேர்வை கழுத்து மடிப்பில் கறுப்புக் கோடாக நிற்கிறது. காலடியில் பச்சைத் தகரப் பெட்டி. மச்சான் சொன்னபடியே. அச்சாக அப்படியே. ஆனால் தான் மட்டும் எப்படி இருக்கிறோம்? தலையைத் தடவிப் பார்த்தான்; கையில் எண்ணெய் ஒட்டியது. சரி, அது வேறு, நாம் நிஜமாகவே புதிது. அவனும் நிஜமாகவே புதிதாக இருந்தால்? இருந்தால் பேசலாம். பேசுவதற்குத்தானே மூன்று மாதம் காலை ஆறு மணிக்கு எழுந்து பஸ் ஏறி வள்ளியூர் போய், டயருக்கு ரப்பர் ஒட்டுகிற கடையின் மாடியில் ஞானையா சாரிடம் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டான். 'பல்கலைக்கழகத்தில் சக மாணவரைச் சந்தித்தல்' என்று சைக்ளோஸ்டைல் பண்ணிய தாள், மையெல்லாம் விரலில் வரும். ஞானையா சார் வகுப்பை ரெண்டாகப் பிரித்திருந்தார். ஜன்னலோர பெஞ்சுகள் முதல் மாணவன், சுவரோர பெஞ்சுகள் இரண்டாம் மாணவன். முதல் மாணவன் கேட்பான், இரண்டாம் மாணவன் பதில் சொல்வான். மூன்று மாதமும் நம்பிராஜன் ஜன்னலோரம், காற்றுக்காக முதல் நாள் போய் உட்கார்ந்த இடம். "சார், ஒரு நாளைக்கு மாத்திச் சொல்லிப் பாக்கட்டுமா?" என்று ஒருதடவை கேட்டான். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "அவனவன் வேலைய அவனவன் ஒழுங்காச் செஞ்சா ஒரு பேச்சு முழுசா நிக்கும். ரெண்டையும் ஒருத்தனே படிச்சா அது பேச்சா? பைத்தியம்ல?" என்றார். அதில் நியாயம் இருப்பதாகத்தான் அப்போது தோன்றியது. இன்னொன்றும் சொல்லியிருந்தார்: முதல் நாள் தமிழில் வாயைத் திறந்தால் கடைசி நாள் வரைக்கும் தமிழ்தான், பட்டணத்தில் ஒருத்தன் மதிக்க மாட்டான். எல்லா பெஞ்சுக்கும் சேர்த்துச் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு நம்பிராஜன் தொண்டையைச் செருமினான். மனசுக்குள்ளே வள்ளியூர் வகுப்பில் இருபது பேர் சேர்ந்து கத்துகிற சத்தம் கேட்டது, ஜன்னலோரம் இருபது தொண்டை, கீழே டயர்க்கடை மிஷின். இப்போது ஒற்றைத் தொண்டை. "எக்ஸ்கியூஸ் மி. ஆர் யூ எ நியூ ஸ்டூடண்ட் ஹியர்?" பக்கத்தில் நின்றவன் சுடுதண்ணீர் பட்ட மாதிரி திரும்பினான். திரும்பின வேகத்துக்கு, "யெஸ், ஐ ஆம். திஸ் இஸ் மை ஃபர்ஸ்ட் டே" என்றான். ஒரு தட்டுத்தடங்கல் இல்லை. முதல் நாள் வந்தவனுக்கு இவ்வளவு சுத்தமாக வருமா? நம்பிராஜன் அடுத்ததைப் போட்டான், "மே ஐ நோ யுவர் நேம்?" அவன், "மை நேம் இஸ் தவசிக்கண்ணு. ஐ ஆம் ப்ளீஸ்ட் டு மீட் யூ" என்றான். சொல்லிவிட்டு நின்றான். உன் பெயர் என்ன என்று கேட்கவில்லை. சும்மா நின்றான், கண்ணைக் கொட்டிக்கொண்டு. மனிதன் என்றால் பெயரைக் கேட்டவனிடம் திருப்பிக் கேட்பான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன்கூடக் கேட்பான். கேட்காதவன் யார்? ஏற்கனவே தெரிந்தவன். இந்த நினைப்பு வந்ததும் நம்பிராஜனுக்குக் காதுமடல் சூடாயிற்று. என் பெயர் இவனுக்குத் தெரியும். ஊர் தெரியும். ஒருவேளை ஸ்டூல்கூடத் தெரியும். "வேர் ஆர் யூ ஃப்ரம்?" என்றான், கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது. தவசிக்கண்ணு நிமிர்ந்து நின்றான். "ஐ ஆம் ஃப்ரம் லக்னோ. இட் இஸ் எ பியூட்டிஃபுல் சிட்டி."

லக்னோ. நம்பிராஜன் கண்ணைக் கீழே இறக்கினான். பச்சைத் தகரப் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்டில், கோணல் எழுத்தில், 'செ. தவசிக்கண்ணு, பணகுடி' என்று எழுதியிருந்தது. பணகுடிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் சைக்கிளில் போனால் ஒரு வாய் வெற்றிலை மெல்லுகிற தூரம். பணகுடிக்காரன் பட்டப்பகலில் பெட்டியை வைத்துக்கொண்டே லக்னோ என்கிறான் என்றால் நம்மை என்னவென்று நினைத்திருக்கிறான்? கண் தெரியாதவன் என்றா? அல்லது இது அவன் பெட்டியே இல்லை, வேறொரு பணகுடிப் பையன், நிஜ தவசிக்கண்ணு, இந்நேரம் மூன்றாவது மாடியில் யாருக்கோ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான், அவன் பெட்டியையும் பெயரையும் எடுத்துக்கொண்டு இவன் கீழே இறங்கி வந்திருக்கிறான். அப்படித்தான் இருக்கும். வராந்தாக் கூரையில் ஒரு மின்விசிறி சுற்றியது, சுற்றும்போதெல்லாம் ஒரு இடத்தில் மட்டும் கிறீச்சென்றது, ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடம் வரப்போகிறது வரப்போகிறது என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான், வந்தது. லக்னோ. பியூட்டிஃபுல் சிட்டி. எங்கேயோ கேட்டிருக்கிறோமே. கேட்டிருக்கிறோம், கேட்டிருக்கிறோம், பல் விளக்காத வாய்களின் சத்தத்தோடு, ரப்பர் கருகுகிற வாசனையோடு. சுவரோர பெஞ்சு! இருபது பேர் சேர்ந்து லக்னோ லக்னோ என்று கத்துவார்கள். இது ஞானையா சாருடைய தாளில் இரண்டாம் மாணவன் சொல்கிற பதில். சுவரோரம் உட்கார்ந்த இருபது முகமும் நம்பிராஜனுக்குத் தெரியும், இவன் அதில் இல்லை. அந்தத் தாள் இவனிடம் எப்படி வந்தது?

சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான். "வாட் இஸ் யுவர் ஃபாதர்?" என்றான். "மை ஃபாதர் இஸ் எ சர்ஜன்." அதேதான். "வாட் ஆர் யுவர் ஹாபீஸ்?" "ஹார்ஸ் ரைடிங் அண்ட் ஸ்டாம்ப் கலெக்ஷன்." அதேதான்! வரிசை தப்பிக் கேட்டால் மாட்டிக்கொள்வான் என்று நடுவில் நாலு கேள்வியைத் தாண்டி, நூலகப் பாடத்திலிருந்து, "இஸ் திஸ் சீட் வேக்கண்ட்?" என்றான். நின்றுகொண்டிருக்கிற இடத்தில் சீட்டும் இல்லை, நாற்காலியும் இல்லை. தவசிக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்தான். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது. "சாரி. ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் மை ஃப்ரெண்ட் மிஸ் ரோஸி" என்றான். ஆக, தெரிந்தே செய்கிறான். என் பாடத்தை என்னிடமே ஒப்பித்துக் காட்டுகிறான், பல்லைக் காட்டாமல் சிரிக்கிறான். அந்தத் தாள் வள்ளியூரைத் தாண்டி ஒரே ஒரு ஆளிடம்தான் போயிருக்கிறது. கோடை லீவில் ஆவுடைநாயகம் மச்சான் வீட்டுக்கு வந்து, கட்டிலில் படுத்துக்கொண்டு அதை வாங்கி வாசித்து, "யாருடே இந்த மிஸ் ரோஸி?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தவன் திருப்பிக் கொடுத்தானா? கொடுத்தான். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க அவனிடம்தானே இருந்தது, பார்த்து எழுதிக்கொள்ள ஒரு மணி நேரம் போதாதா? அப்போது ஹாலைப் பற்றிச் சொன்னதும் அவன்தான், கண்டுபிடிக்க முடியாது என்று சொன்னதும் அவன்தான். அத்தை, அவன் அம்மா, ரயிலுக்குக் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றில் உப்புக்கூடக் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. குடும்பமே சேர்ந்திருக்கிறது. மண்டி ஸ்டூலில் என்னை உட்கார வைப்பதில் மாமாவுக்கு என்ன லாபம் என்று யோசித்தான். ஒரு லாபமும் தட்டுப்படவில்லை. தட்டுப்படாததே பெரிய சந்தேகமாக இருந்தது.

இதற்குள் வரிசை கரைந்துகொண்டே வந்தது. முன்னால் நின்றவர்கள் எல்லாரும் எப்படியோ ஜோடி சேர்ந்துவிட்டார்கள், ஒரு மதுரைக்காரனும் இன்னொரு மதுரைக்காரனும் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள், பட்டணத்துப் பையன் ஒருத்தன் "டேய் மச்சி" என்று ஒரே வார்த்தையில் ஆள் பிடித்துவிட்டான். எவ்வளவு சுலபம். நம்பிராஜன் அவர்களிலே ஒருத்தனிடம் போயிருக்கலாம், போயிருப்பான், ஆனால் போனால் முதுகு தவசிக்கண்ணுவுக்குக் காட்டின மாதிரி ஆகும், முதுகுக்குப் பின்னால் அவன் என்ன செய்வானோ. அதனால் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கப் பார்க்க அவனும் ஒரு இஞ்சு நகரவில்லை, பெட்டியைக் கணுக்காலோடு அணைத்துக்கொண்டு நின்றான். விட மாட்டேன் என்று நிற்கிறான். பன்னிரண்டு ஐம்பது. வராந்தாவில் ரெண்டே பேர், ஒரு நாய், ஒரு மின்விசிறி. ஜன்னலுக்குள்ளிருந்து விடுதிக் கிளார்க் தணிகாசலம் தலையை நீட்டினார். வாயில் பாக்கு. "இன்னாபா ரெண்டு பேரும் ஜாதகம் பாத்துக்கினு கீறீங்களா? மிச்சம் ரெண்டு பேரு, மிச்சம் ஒரே ரூமு. சேர்ந்து எய்தி குடுத்தா குடு, இல்லாங்காட்டி மாடி ஏறு. நான் சாப்ட போவணும்." யாரும் அசையவில்லை. நம்பிராஜனிடம் கேள்விகள் எல்லாம் இருந்தன, ஆனால் என்னோடு ஒரு அறையில் இருக்கிறாயா என்ற கேள்வியை ஞானையா சார் தாளில் போடவில்லை. தணிகாசலம் அலுத்துப்போய் ஒரு படிவத்தைத் தானே இழுத்து வைத்துக்கொண்டு தவசிக்கண்ணுவைப் பார்த்தார். "உன் ஊரு?" "ஐ ஆம் ஃப்ரம் லக்னோ." கிளார்க் பேனாவை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பெட்டியைப் பார்த்தார். "டேய், பணகுடின்னு பெயின்ட்ல எய்தி வச்சிருக்கற." அவ்வளவுதான், தவசிக்கண்ணு உடைந்துவிட்டான். "சார், சார், பணகுடிதான் சார். சுவரோரம் உக்காந்தவனுக்கு லக்னோன்னுதான் சார் சொல்லிக் குடுத்தாவ. வேற வரல சார் எனக்கு."

வள்ளியூரில் சாயந்திர வகுப்பு என்று ஒன்று உண்டு என்பது நம்பிராஜனுக்கு அந்த நிமிஷத்தில்தான் நினைவுக்கு வந்தது. காலையில் இவர்கள் இறங்கும்போது ஞானையா சார் பெஞ்சுகளைத் துடைத்து, சாயந்திரம் ஆறு மணிக்கு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பார். சாயந்திரத்திலும் சுவர் உண்டு, சுவரோரமும் உண்டு. அங்கே மூன்று மாதம் உட்கார்ந்தவனுக்கு ஒரு கேள்விகூடக் கேட்கத் தெரியாதுதான். பாவி, பதில் மட்டுமே வைத்துக்கொண்டு பட்டணத்துக்கு வந்திருக்கிறான். காலையிலிருந்து யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று பெட்டியோடு நின்றிருக்கிறான். நம்பிராஜனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் முட்டியது, ரெண்டையும் அடக்கினதில் முகம் விறைத்துப்போயிற்று. பேனாவைப் பிடுங்கி மேல் வரியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். பேனாவை அவனிடம் நீட்டினான். தவசிக்கண்ணு பேனாவைப் பார்த்தான், விறைத்த முகத்தைப் பார்த்தான், கீழ் வரியில் கையெழுத்துப் போட்டான். "பதினேழாம் நம்பர், ரெண்டாவது மாடி" என்று சாவியைத் தள்ளிவிட்டுத் தணிகாசலம் ஜன்னலை அறைந்து சாத்தினார். வாழைக்காய் மண்டி, ஸ்டூல், ஈ எல்லாம் நம்பிராஜனின் நெஞ்சிலிருந்து ஒரே மூச்சில் வெளியே போயின. தப்பித்தோம். திரும்பினால், தவசிக்கண்ணு ரெண்டு கையையும் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

"அண்ணே" என்றான், முழுத் தமிழில், கண்ணில் தண்ணீர். "எல்லாம் நான் பாத்துக்கிடுதேன் அண்ணே. துணி துவைக்கேன், தட்டு கழுவுதேன், என்ன எழுதணும்னாலும் எழுதித் தாரேன். ஆளுக மத்தியில வச்சு ஆடச் சொல்லாதீங்க அண்ணே, அது ஒண்ணு நமக்கு வராது." நம்பிராஜனுக்கு ஒன்றும் புரியவில்லை, அப்புறம் எல்லாம் சேர்ந்து புரிந்தது. "யாருடே அண்ணன்? நானும் புதுசுதாம்டே. முதல் வருஷம்." தவசிக்கண்ணு தலையை ஆட்டினான், நம்புகிற ஆட்டல் இல்லை அது. "அப்படித்தான் சொல்லுவாங்கன்னு எங்க சித்தப்பா சொல்லித்தான் அனுப்பிச்சாரு." "ஏய், திருக்குறுங்குடிடே நான்." "ஊரையும் பக்கத்து ஊராத்தான் சொல்லுவாங்களாம் அண்ணே." நம்பிராஜன் பையைத் துழாவிச் சேர்க்கைச் சீட்டை எடுத்து நீட்டினான். அதைத் தொடவே பயந்து தவசிக்கண்ணு பின்னால் நகர்ந்தான். சீட்டெல்லாம் ஒரு கட்டு அச்சடித்தே வைத்திருப்பார்கள் என்பதும் சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது. "ஞானையா சார்டே! டயர்க்கடை மாடி! நானும் அங்கதாம்டே படிச்சேன்!" என்று நம்பிராஜன் கத்தினதும் அவன் முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் வடிந்துவிட்டது. "அவரு பேரு வரைக்கும் விசாரிச்சு வச்சிருக்கீங்களே அண்ணே" என்றான் மெதுவாக. "வந்து நின்னதுலருந்து கேள்வி கேள்வியாக் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. பேரு, ஊரு, அப்பாக்கு என்ன வேலை. புதுசா வந்தவன் எவனாவது இவ்வளவு கேப்பானா? உங்க பேரைக்கூட நீங்க சொல்லல."

எதைச் சொன்னாலும் அது எந்தப் பக்கம் போய் விழும் என்று நம்பிராஜனுக்குத் தெரியும். அரைமணி நேரத்துக்கு முன்னால் அவனே அந்தச் சந்தேகக் கிணற்றுக்குள்தான் உட்கார்ந்திருந்தான், உள்ளே எந்தக் கயிற்றைப் போட்டாலும் பாம்பாகத்தான் தெரியும். கையெழுத்து ஏன் போட்டாய் என்று கேட்க நினைத்தான். கேட்டால் அதுவும் இன்னொரு கேள்வியாகிவிடும். வேறு வழி தெரியாமல் குனிந்து அந்தப் பச்சைத் தகரப் பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறத் தொடங்கினான். எந்த சீனியர் புதுப் பையனின் பெட்டியைத் தலையில் சுமப்பான்? இதைப் பார்த்தாவது நம்புவான் அல்லவா? பின்னால் தவசிக்கண்ணு படி படியாகத் தாவி ஓடி வருகிற சத்தம் கேட்டது. "அண்ணே, பெட்டிய எடுத்துக்கிடாதீங்க அண்ணே! அதுல அம்மா சுட்ட அதிரசம்தான் இருக்கு, பாதி தாரேன், பெட்டிய மட்டும் குடுத்துருங்க அண்ணே!" ரெண்டு மாடியிலும் இருந்த கதவெல்லாம் திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன. தலையில் பெட்டியோடு ஒருத்தன் முன்னால் விறுவிறுவென்று போக, கும்பிட்டபடி ஒருத்தன் பின்னால் அழுதுகொண்டே போக, அன்றைக்கு அந்த விடுதியில் நிஜ சீனியர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். மூன்றாவது மாடி ஹாலிலிருந்து இறங்கி வந்த ஒரு தாடிக்காரன் நம்பிராஜனைப் பார்த்து, "குட் ஆஃப்டர்நூன்" என்று சொல்லிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். நம்பிராஜன் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல அவன் படிக்கவில்லையே.

தவசிக்கண்ணு நம்புவதற்குச் சரியாகப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அந்தப் பத்தொன்பது நாளும் நம்பிராஜனின் சட்டை இருந்த வெள்ளையைப் பார்த்துக் கண் கூசி வார்டன் கறுப்புக் கண்ணாடி வாங்கினார், அதுவும் சத்தியம். பத்தொன்பது நாளில் ஒருநாள்கூடத் துவைக்காதே என்று நம்பிராஜன் சொன்னானா இல்லையா என்பதை மட்டும் என்னிடம் கேட்காதே. அந்த ரெண்டு பேருக்கும் இப்போது பேரன் பேத்தி இருக்கிறது, வாரம் ஒருதடவை போனில் பேசிக்கொள்கிறார்கள், இந்த விஷயத்தை மட்டும் ஒருத்தருக்கொருத்தர் வாயே திறப்பதில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், ரயிலில் எதிர் சீட்டுக்காரர் ரெண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள், தூக்கத்தில் காதில் விழுந்தது என்று சொல்லிவிடு. என் பெயர் மட்டும் உன் வாயில் வந்துவிடக் கூடாது, சொல்லிவிட்டேன்.